காரின் மூக்கில் மூன்று வெள்ளைப் பொட்டு

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. காற்றாடிச் சத்தத்தில் என் குரல் அங்கே எட்டாது. இன்றைக்கு உங்களுக்கு ஒரு காரின் கதை. காரென்றால் முழுக் காரும் இல்லை, அதன் மூக்கில் கிடந்த மூன்றடி அலுமினியப் பட்டையின் கதை. கேட்டு முடிக்கும்போது ஒருத்தியின் கைவேலையை நினைத்து உங்கள் மனசு குளிரும். அதற்கு நான் பொறுப்பு.

கெர்லிங் ஊரில் இருசப்பன் என்று ஒருவர். தோட்டத்து லோரிகளை முப்பது வருஷம் பழுது பார்த்தவர். வேலை ஓய்ந்ததும், கலும்பாங்கில் ஒரு பழைய பங்களாக் கொட்டகையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்தார். வெள்ளைக்காரத் துரை ஓட்டியது. இரண்டே பேர் உட்காரலாம். ஐந்து வருஷம் அதோடு மல்லுக்கட்டி உயிர் கொடுத்தார். பச்சை வண்ணம் அடித்துக் கொடுத்தவர் சபாக்கில் பட்டறை வைத்திருக்கும் குகன். இருசப்பனோடு தோட்டத்தில் ஒரே லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்த சிநேகிதர்.

கார் வீட்டுக்கு வந்த அன்று இருசப்பனின் மனைவி வேலம்மா ஆரத்தி எடுத்தாள். செக்கச்செவேலென்று வரவேண்டுமே என்று மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கூடவே கரைத்தாள். சுற்றி முடித்து, தட்டின் அடியில் தங்கிய கட்டியைத் தொட்டு அந்தப் பட்டையில் மூன்று பொட்டு வைத்தாள். மறுநாள் காலையில் இருசப்பன் காரைக் கழுவினார். சிவப்பு போய்விட்டது. அதே இடத்தில் மூன்று வெள்ளை வட்டம் நின்றது.

பட்டறையில் குகன் பெயிண்ட் கரைக்கிற தின்னரைத் தெளித்துவிட்டான் என்று அவருக்குத் தீர்மானமாகிவிட்டது. போனை எடுத்துக் குகனைப் பிடித்துக் கத்தினார். பட்டையைக் கழற்றிப் பத்திரமாகச் சுற்றி வைத்துவிட்டுத்தான் பெயிண்ட் அடித்தேன் என்று குகன் சத்தியம் செய்ததும் எடுபடவில்லை. பொட்டு வைத்த இடம் எதுவென்று அவர் கவனித்திருக்கவில்லை, வேலம்மாவுக்குத் தெரியும். வாயைத் திறக்கத்தான் போனாள். புருஷன் கத்துகிற நேரத்தில் பயம். மறுநாள் சொல்லலாம் என்றால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே. அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. சின்ன வயசுச் சிநேகிதம் நின்றுபோனது. குகன் பெயரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. வேலம்மா மட்டும் காரைக் கடக்கிறபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போன மாதம் கோலசிலாங்கூரில் பழைய கார்கள் கூடப்போவதாகச் செய்தி வந்தது. மங்கிப்போன பட்டையோடு அங்கே போக இருசப்பனுக்கு மனசில்லை. மாற்றுப் பட்டை எங்கேயும் கிடைக்கவில்லை. கோயிலில் பழக்கமான விஜயராணியிடம் சொன்னார். ரவாங்கில் ஜன்னல் சட்டம் செய்கிற அலுமினியத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷமாக, சட்டங்களை அமிலத்தில் முக்கும் தொட்டிப் பிரிவில் நிற்கிறவள் அவள். ஒரு சனிக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள்.

எதையெல்லாம் போட்டுத் தேய்த்தீர்கள் என்று முதலில் கேட்டாள். பற்பசை, சாம்பல், இரண்டு வகைப் பாலீஷ் என்று இருசப்பன் அடுக்கினார்.

"நீங்க அலுமினியத்தத் தொடவே இல்லண்ணே. மேல ஒரு தோல் இருக்கு. அமிலத்துல போட்டு, கரண்டு விட்டு வளத்த தோல். மங்குனதும் அதுதான். அத உரிக்காம எத்தன ஞாயித்துக்கிழம தேய்ச்சாலும் கைதான் தேயும்."

பையிலிருந்து ஒரு பேட்டரி, ஒரு டார்ச்லைட் பல்பு, இரண்டு கம்பி எடுத்தாள். கம்பிமுனை இரண்டையும் பட்டையின் ஓரத்தில் வைத்தாள். பல்பு எரியவில்லை. தோல் கரண்டை விடாதாம். நடுவில் வைத்தாள், எரியவில்லை. ஒரு முனையை ஒரு வெள்ளைப் பொட்டிலும் மறு முனையை அடுத்த பொட்டிலும் வைத்தாள். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"இங்க மட்டும் தோல் இல்ல. தின்னருக்கு இத உரிக்கிற சக்தி கெடையாதுண்ணே. சிமெண்டுத் தண்ணி பட்டிருக்கணும். இல்லாட்டி சுண்ணாம்பு."

சொல்லிவிட்டு நிமிர்ந்தவளின் கண் வேலம்மாவின் கண்ணில் முட்டியது. மூன்று பொட்டு, வரிசையாக, விரல் அகலத்தில். பொம்பளைக்குப் புரியாதா? ஆனால் விஜயராணி குனிந்து கம்பியைச் சுற்றத் தொடங்கினாள்.

குகன் பட்டறைக்குப் பக்கத்தில் அப்போது சிமெண்டு வேலை நடந்தது, அதுதான் தெறித்திருக்கும் என்றார் இருசப்பன். பழி மறுபடியும் அந்த மனுஷன் தலையிலேயே போய் உட்கார்ந்தது.

விஜயராணி வேலையைத் தொடங்கினாள். அந்த நேர்த்தியை என்னவென்று சொல்ல! கூரைத் தண்ணீர் ஓடுகிற பிளாஸ்டிக் வாய்க்காலை வெட்டி, இரண்டு பக்கமும் அடைத்துத் தொட்டியாக்கினாள். கையுறை, கண்ணாடி, நீளக் கை சட்டை. முதலில் தண்ணீர், பிறகுதான் காஸ்டிக் சோடா. மாற்றி ஊற்றினால் முகத்தில் தெறிக்கும் என்று எல்லாரையும் நாலடி தள்ளி நிறுத்தினாள். பட்டையை மெதுவாகப் படுக்க வைத்தாள். ஊசிமுனைக் குமிழிகள் ஒவ்வொன்றாக எழும்பின. அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, குமிழிகளையே பார்த்தாள். தோல் போனதும் காரம் அலுமினியத்தையே தின்னத் தொடங்கிவிடுமாம்.

அவள் நிற்கிற நிதானத்தைப் பார்க்கப் பார்க்க வேலம்மாவுக்கும் எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது.

"ஏங்க, அது சிமெண்டு இல்ல. நான் வச்ச ஆரத்திப் பொட்டு. அன்னைக்கே தெரியும் எனக்கு. குகன் மேல தப்பில்ல."

இருசப்பன் திரும்பினார். முகம் கறுத்தது. அந்த நேரம் பார்த்துத் தொட்டியில் நுரை சடசடவென்று பொங்கியது.

"அண்ணே, சண்ட போடுறதுன்னா அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடுங்க. இப்பத் தூக்கணும். கையுறையப் போட்டுக்கிட்டு அந்த மொனையப் பிடிங்க."

பிடித்தார். ஆளுக்கு ஒரு முனையாகத் தூக்கி, குழாய்த் தண்ணீரில் நெடுநேரம் கழுவினார்கள். கரிபோல் படிந்திருந்ததை விஜயராணி துடைத்தெடுத்தாள். பல்பை வைத்தாள். ஓரம், நடு, எங்கே வைத்தாலும் எரிந்தது. சண்டை போடவேண்டியவர் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஒன்றுதான் சொன்னார்.

"அவன் அம்மாவ வச்சுத் திட்டிட்டேன், வேலம்மா."

அதற்குப் பிறகு மத்தியானம் வரை உப்புத்தாள் சத்தம்தான். பொட்டு இருந்த இடத்தை மட்டும் தேய்த்தால் குழி விழும் என்று பட்டை முழுவதையும் நீளவாக்கில், தண்ணீர் விட்டு, சொரசொரப்பிலிருந்து மெல்லிசு வரை தாள் மாற்றி மாற்றித் தேய்த்தாள் விஜயராணி. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் அவள் விரலுக்குத் தெரிந்தது. பிறகு சக்கரத்தில் வைத்து மெருகேற்றினாள். முதலாளி தவுக்கேயிடம் அனுமதி கேட்டு, திங்கட்கிழமை ஜன்னல் சட்டங்களுக்கு நடுவே அதையும் தொங்கவிட்டு, புதுத் தோல் வளர்த்து, அதன் நுண்துளைகள் மூடக் கொதிநீரில் போட்டு எடுத்தாள்.

பட்டை திரும்பி வந்தபோது அதில் மேகம் ஓடுவது தெரிந்தது. மூன்று பொட்டு எங்கே இருந்தன என்று வைத்தவளுக்கே தெரியவில்லை. கம்பியை வைத்தார்கள். பல்பு எரியவில்லை. விளக்கு எரியாததற்காக ஒரு பெண் கையெடுத்துக் கும்பிட்டது கெர்லிங்கில் அன்றைக்குத்தான் நடந்திருக்கும்.

"இனிமே பொட்டக் கண்ணாடில வைங்க அண்ணி," என்றாள் விஜயராணி. "அது எதையும் தாங்கும்."

கோலசிலாங்கூருக்குப் போகும் முன்னாடி கார் சபாக்குக்குப் போனது. குகன் பட்டறையிலிருந்து வெளியே வந்தார். இருசப்பனை நிமிர்ந்து பார்க்கவில்லை. காரின் முன்னால் குந்தி, பட்டையின் மேல் விரலை ஓட்டினார். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓட்டினார். யார் செய்தது என்று கேட்டார். பட்டையைப் பார்த்தே கேட்டார்.

வேலம்மாதான் முதலில் இறங்கினாள். எல்லாவற்றையும் சொன்னாள், இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சேர்த்து. இருசப்பன் கதவைப் பிடித்தபடி நின்று, தான் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டார். குகன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க அண்ணி," என்றார். "அவனும் குடிக்கட்டும்லா."

நீங்களும் நல்லா இருங்கள், கண்ணுகளா. உங்கள் வாசலில் எடுக்கிற ஆரத்தியெல்லாம் நெற்றியிலேயே சிவக்கட்டும். சொல்ல வேண்டிய சொல் எதுவும் உங்கள் வீட்டில் யார் தொண்டையிலும் தங்காதிருக்கட்டும். கோபித்துக்கொண்டு போனவர் எவராவது இருந்தால், அவருக்கும் ஒரு குவளைத் தேத்தண்ணி உங்கள் அடுப்பில் கொதிக்கட்டும்.