சார் பஃபர்

பேராசிரியர் வெள்ளைத்துரை பேச ஆரம்பித்தால் நிறுத்த அடையாறில் ஆள் கிடையாது. அவருடைய ஆய்வுக்கூடத்தில் அனுப்ரியா ஆராய்ந்ததோ, நிறுத்துவதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒரு பாஸ்பேடேஸ். 'வளரு' என்று செல்லுக்குச் செய்தி வந்ததும் கைனேஸ் என்கிற நொதி, புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும், செய்தி ஓடும். பாஸ்பேடேஸ் அதைப் பிய்த்தெடுத்தால்தான் ஓட்டம் நிற்கும். நிற்காவிட்டால் புற்றுநோய். வெள்ளைத்துரை விஷயத்தில், கருத்தரங்கு.

அந்த நொதி மாதக்கணக்கில் அசையவில்லை. வேலை செய்தால் சோதனைக்குழாயில் மஞ்சள் நிறம் வரவேண்டும். வரவே இல்லை.

"உன் என்சைம் செத்துப்போச்சும்மா. வெள்ளிக்கிழமை மீட்டிங்ல ப்ராஜெக்டை மூடிடலாம். புதுசா ஒண்ணு ஆரம்பி" என்றார். அவளுடைய ஆய்வு மொத்தமும் அதோடு சேர்ந்து புதைபடும் என்பது அவருக்குச் சில்லறை விவரம்.

அனுப்ரியா எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்திருந்தாள், ஒன்றைத் தவிர. கூடத்தில் எல்லோரும் பயபக்தியோடு 'சார் பஃபர்' என்றழைக்கும், நொதியைப் போட்டுவைக்கும் கரைசல். அவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செய்முறை, அதில் கைவைத்தவர் இல்லை. அதில் என்ன கலக்கிறார்கள் என்று பார்த்தாள். பாஸ்பேட்! புரதத்திலிருந்து பாஸ்பேட்டைப் பிய்க்க வேண்டிய நொதியின் பிடியை, கரைசலில் இருந்த பாஸ்பேட்டே அடைத்துக்கொண்டிருந்தது. தி.நகர் நெரிசலில் இரண்டு கையிலும் பையோடு நிற்பவளிடம், இந்தக் குழந்தையையும் தூக்கு என்றால் எப்படித் தூக்குவாள்?

கூட ஆராயும் ருக்சார் தலையிலடித்துக்கொண்டாள். "இன்னாடி, சார் பஃபர்ல தப்பு கீதுன்னு அவராண்டயே சொல்லப்போறியா? உன் தீசிஸ்ல கையெழுத்து போடறது அவருதான், ஞாபகம் கீதா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? டியூப் சொல்லட்டும்."

வெள்ளிக்கிழமை இரண்டு குழாய்களை மேசைமேல் வைத்தாள். ஒரே நொதி, ஒன்று சார் பஃபரில், மற்றது பாஸ்பேட் இல்லாத ட்ரிஸ் கரைசலில். தோல்வியைத் தாங்கும் பக்குவம் பற்றி வெள்ளைத்துரை முழங்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது குழாய் மெல்ல மஞ்சளானது. ஒவ்வொரு தலையாக அவரை விட்டுக் குழாய்ப் பக்கம் திரும்பியது. வாக்கியத்தின் நடுவிலேயே அவர் நின்றுபோனார்.

"அது எந்த பஃபர்?"

"ட்ரிஸ், சார். பக்கத்துல வெளுத்துப்போய் நிக்கிறது உங்களோடது."

தொண்டையைச் செருமினார். "சரி, மூட வேண்டாம். ஆனா பஃபர் சமாசாரமெல்லாம் பேப்பர்ல எதுக்கு?"

"எழுதணும் சார். இல்லேன்னா வேற யாராவது, உயிரோட இருக்கிற என்சைமைப் புதைப்பாங்க."

அவர் வாயைத் திறந்தார். குழாய் இன்னும் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. மூடிக்கொண்டார்.