அட்சதை போட்ட கம்ப்யூட்டர்

அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியதும் என் தம்பி சதீஷ் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, என் கம்ப்யூட்டர் எங்கே?" என் கம்ப்யூட்டராம்! எப்படி இருக்கே என்று கேட்க வாய் வரவில்லை. அவன் ஆபீஸில் ஆளாளுக்குச் சின்ன வயதில் தட்டிய பழைய கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுத்து, இன்டர்நெட்டில் படம் போடுகிறார்களாம். இந்தத் துரைக்கும் ஆசை வந்துவிட்டது.

அது வீட்டுக்கு வந்தது 1990இல். இங்கே கல்கத்தாவில், கிடர்பூர் துறைமுக ஆபீஸில் வேலை பார்த்த அப்பா, யாரோ கப்பல்காரரிடம் சொல்லிவைத்து வாங்கி வந்தார். கீபோர்டுதான் மொத்தக் கம்ப்யூட்டரும். டிவியில் செருகினால் படம் வரும். "சதீஷுக்கு" என்று சொல்லித்தான் பெட்டியையே பிரித்தார். சதீஷ் அதில் பந்து விளையாடினான். கூட வந்த புத்தகத்தைப் படித்துப் புரோகிராம் எழுதியது நான். கல்பனா, கல்பனா என்று டிவி முழுக்க என் பெயரை ஓடவிட்டேன். படித்தால் கம்ப்யூட்டர்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அடுத்த வருஷம் சரஸ்வதி பூஜை. தெருவில் துர்கா பூஜை மேளம் காதைப் பிளந்தது. அப்பா கம்ப்யூட்டரை மணையில் வைத்து, ஒரு பட்டன் விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். சந்தனத்தை ரசம் மாதிரி கரைத்துக் கொடுத்தது சதீஷ். இரண்டு பேருமாக அட்சதையை வாரிப் போட்டு, தீர்த்தமும் தெளித்தார்கள். மறுநாள் விஜயதசமி. அவன் தூங்கிக்கொண்டிருந்தான். நான் குளித்துவிட்டு வந்து சுவிட்சைப் போட்டேன். டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"அக்கா தொட்டுக் கெடுத்துட்டா!" என்று சதீஷ் அழுதான்.

"உனக்கு மெஷின் ராசியே கிடையாதுடி," என்றார் அப்பா.

பன்னிரண்டாவது முடித்துக் கம்ப்யூட்டர் படிப்பு கேட்டபோதும் அதையேதான் சொன்னார். பி.காம். படித்தேன். இன்றைக்கு அலிப்பூரில் ஓர் அரசு ஆபீஸில் ஃபைல் கட்டுகிறேன். வீட்டில் டிவி ரிமோட்டைக்கூட அப்பா என் கையில் தரமாட்டார். மிக்ஸியும் வாஷிங் மெஷினும் மட்டும் என் கை பட்டால் கெடாதாம்!

பரணிலிருந்து அதை இறக்கி, நானும் சதீஷும் சாந்தினி மார்க்கெட்டில் மெக்கானிக் கோஷ் பாபுவிடம் கொண்டுபோனோம். மூடியைக் கழற்றியவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏடா கீ, தீதி?" இது என்னக்கா என்று வங்காளியில் கேட்டார்.

என்னத்தைச் சொல்ல? உள்ளே சர்க்யூட் பலகை முழுக்கக் காய்ந்த சந்தனம், குங்குமம், பதினாறு வருஷத்து அட்சதை. ஈரம் இறங்கி எரிந்துபோயிருக்கிறது என்றார் அவர். நான் சதீஷைப் பார்த்தேன். அவன் எதிர்க்கடை வங்காளி போர்டை அத்தனை சிரத்தையாகப் படித்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அந்த அட்சதையைப் பேப்பரில் கொட்டி அப்பாவின் முன்னால் வைத்தேன்.

"சாமி காரியத்துல எதுவும் கெடாதுடி. நீ அவசரப்பட்டு சுவிட்ச் போட்டே," என்றார்.

"விடுக்கா, பழைய கதை," என்றான் சதீஷ். அவனுக்கென்ன, விடலாம்.

பத்து நாளில் கோஷ் பாபு சரிபண்ணிக் கொடுத்தார். டிவியில் செருகினோம். எடுக்கும் படத்தை உடனே ஆபீஸுக்கு அனுப்புவதற்காக சதீஷ் தன் புது லேப்டாப்பைப் பக்கத்தில் திறந்து வைத்தான். சுவிட்சில் கை வைக்கப் போகும்போது, "இருடா, இருடா!" என்று அப்பா உள்ளேயிருந்து வருகிறார், கையில் சந்தனக் கிண்ணம்!

"ஒரு பொட்டு வெச்சுட்டு ஆரம்பி."

சதீஷ் சுவிட்சிலிருந்து கையை எடுத்தான். தடுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டுமே.

நான் கிண்ணத்தை வாங்கினேன். மூன்று விரலை நன்றாக முக்கி, லேப்டாப் பக்கம் கொண்டுபோனேன்.

"புதுசுக்கும் முதல்ல வெச்சுடலாம்ப்பா."

"ஐயோ அக்கா, வேண்டாம்! உள்ள இறங்கினா எரிஞ்சு போயிடும்!"

அப்பா அப்படியே நின்றுவிட்டார். அவனைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார்.

"அப்போ அன்னிக்கும்..."

"சொல்லுடா," என்றேன். சதீஷ் லேப்டாப்பை மார்போடு கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

அப்பா என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தார். அப்புறம் டிவி ரிமோட்டை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

"பதினேழு வயசுல நான் கேட்டது இது இல்லையேப்பா," என்றேன்.