உடுப்புத் தோய்க்கிற புதன்

பத்மினிக்கு உடுப்புத் தோய்க்கிற நாள் புதன்கிழமை, அதுவும் ஒன்றுவிட்ட புதன். சுவிஸில், ஷாஃப்ஹவுசன் நகரத்தில், அந்தக் கட்டடத்தில் குடியிருக்கும் எவருக்கும் சலவை அறை நினைத்தபோது கிடைக்காது. அவரவருக்கு ஒதுக்கிய நாளில் இறங்கித் தோய்க்கவேண்டும், தவறவிட்டால் அழுக்கு மூட்டையோடு அடுத்த முறைவரை காத்திருக்கவேண்டும். பத்மினி தவறவிட்டதில்லை. காய்ச்சலோடும் இறங்கியிருக்கிறார், ஒருமுறை செத்தவீட்டுக்குப் போகாமலும் இறங்கியிருக்கிறார்.

சலவை அறையின் மற்றக் கதவைத் திறந்தால் நிலத்தடிக் கார்த் தரிப்பிடம். அங்கேதான் மருமகள் ரிஷானியோடு வந்த கார் நின்றது. வெள்ளி நிறம், நீண்ட பின்பக்கம், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் வயது.

கல்யாணத்துக்கு முன்னர் பத்மினி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது, “பிள்ளை காரோடதான் வாறா” என்று. கேட்டவர்கள் புதுக்கார் என்று நினைத்தார்கள். பத்மினி திருத்தவில்லை, ஏனென்றால் அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். ரிஷானியின் தகப்பன் யோகராஜா கூர் நகரத்தில் இருப்பவர், எங்கடின் மலைப்பக்கத்து ஹோட்டல்களின் பின்கட்டில் பாத்திரம் கழுவியே முழங்கால் தேய்ந்தவர். அவர் தன்னுடைய சொந்தக் காரைத் துடைத்து, உள்ளே வாசனை அடித்து, முன்னுக்கு மாலை போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் பஸ்ஸில் போய்வந்ததைப் பற்றி எவரும் கதைக்கவில்லை. விண்டர்தூர் கல்யாண மண்டப வாசலில், பத்மினியோடு எப்போதும் போட்டிக்கு நிற்கிற ஜெயகௌரி கேட்டதைத்தான் கதைத்தார்கள்.

“பத்மினி அக்கா, இது சமையல்காரரின்ர வான் எண்டெல்லோ நான் நினைச்சன். பொம்பிளை வந்ததோ இதில?”

அன்றைக்குப் பத்மினி சிரித்த சிரிப்பை வீடியோவில் இப்போதும் பார்க்கலாம். பல் தெரியும், வேறொன்றும் தெரியாது.

புதுக்கார் வரவேண்டும். அதுவும் சம்பந்தி கையால், ஜெயகௌரி கண்ணுக்கு முன்னால் வரவேண்டும். பத்மினிக்கு அதற்குப் பிறகு வேறு நேர்த்திக்கடன் இருக்கவில்லை. அவருக்குக் கணவர் ஒருவர் உண்டு. ஆனால் இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை, வீட்டிலும் அப்படித்தான்.

வழி தற்செயலாகத்தான் அகப்பட்டது. ஒரு புதன்கிழமை, காரின் டிக்கியில் கிடந்த சவர்க்காரத்தூள் பெட்டியை எடுத்த பத்மினி டிக்கியைச் சரியாக அமத்தி மூடவில்லை. அந்தப் பழைய காரில் டிக்கி ஒரு விரல் அளவு திறந்திருந்தாலும் உள்விளக்கெல்லாம் அணையாமல் எரியும். மறுநாள் காய்ந்த உடுப்பு எடுக்கப் போனபோது விளக்குகள் மஞ்சளாய்ச் சோர்ந்து கிடந்தன. பத்மினி டிக்கியை அமத்திவிட்டு மேலே வந்தார். சிறிது நேரத்தில் ஆஸ்பத்திரி வேலைக்குப் புறப்பட்ட ரிஷானி திரும்பி வந்து, கார் ‘டிக் டிக்’ என்கிறதே தவிர ஸ்டார்ட் ஆகவில்லை என்றாள்.

மகன் கிஷோபன் காப்புறுதிக் கம்பனியில் பெரிய வேலை. காரின் முன்மூடி எந்தப் பக்கம் திறக்கும் என்று அவனுக்குத் தெரியாது. ஆரையாவது கூப்பிடுவோம் என்றான்.

“ஏன் கண்ட ஆக்களை? தந்தவரையே கூப்பிடு,” என்றார் பத்மினி. “வந்து பாக்கட்டும், என்னத்தைத் தந்தவர் எண்டு.”

யோகராஜா ரயில் மாறி மாறி வந்தார். ஒரு கையில் தூக்குப் பெட்டி போல ஒரு சார்ஜ் பெட்டி, மற்றக் கையில் மருமகனுக்கு வாழைப்பழம். சீமெந்துத் தரையில் முழங்காலை மெதுவாக மடித்து இருந்து, பற்றறி முனைகளில் பூத்திருந்த வெள்ளைத் தூளைச் சுரண்டினார். பெட்டியைக் கொளுவிக் காரை ஸ்டார்ட் பண்ணி, மீற்றரைப் பிடித்துப் பார்த்தார்.

“பதினாலு வோல்ட்டுக்கு மேல காட்டுது. டைனமோ சுகமா இருக்கு, தங்கச்சி. பற்றறிதான் கிழண்டிப் போச்சு போல.”

“கிழடு எண்டு தெரிஞ்சுதானே அண்ணை தந்தனீங்கள்,” என்றார் பத்மினி, உடுப்புக் கூடையை இடுப்பில் வைத்தபடி. சம்பந்திக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் தேத்தண்ணி கீழேயே வந்தது. மேலே ஏறி வந்து கதிரையில் எண்ணெய் பிரட்டக்கூடாது பாருங்கள். சீனியும் போடவில்லை. யோகராஜா அதைக் குடித்து, நல்ல தேத்தண்ணி என்றார்.

அந்த மனிதர் தலை குனிந்து இருந்த விதம் பத்மினிக்குப் பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு அவருக்கு வந்த ஒரு புதனும் வீணாகவில்லை. மாலையில் ஆணியில் தொங்கும் மேலதிகக் கார்த் திறப்போடு இறங்குவார், டிக்கியை ஒரு விரல் தூக்கிவிடுவார். விடிய உடுப்பு எடுக்கிற சாட்டில் இறங்கி அமத்திவிடுவார்.

இரண்டாம் முறை யோகராஜா புதுப் பற்றறியைச் சுமந்து வந்தார். அது அடுத்த புதனோடு படுத்தது. குளிரும் பத்மினிக்கு உதவியாய் இருந்தது. மூன்றாம் முறை அவர் மீற்றரைப் பற்றறியின் வயரோடு தொடுத்து வைத்துவிட்டு, கார் நிற்கும்போது எது கரண்ட் குடிக்கிறது என்று பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிப் பார்த்தார். டிக்கி இறுக்க மூடியிருந்தது. மீற்றர் அசையவில்லை.

“ஒண்டும் குடிக்கேல்ல,” என்றார். “எனக்கு விளங்கேல்ல, தங்கச்சி.”

“எங்களுக்கு விளங்குது,” என்றார் பத்மினி. “மண்டபத்து வாசலிலேயே விளங்கினது.”

யோகராஜா கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே மருமகனைப் பார்த்து, “தம்பி, நான் மாரிக்கு எங்கடினுக்கு ஒரு சீசன் போறன். வந்து புதுசு எடுத்துத் தாறன்,” என்றார். வேலையிலிருந்து ஓய்வுபெற்று மூன்று மாதமாகாத மனிதர். கிஷோபன் வேண்டாம் மாமா என்று சொன்னான். சொல்லவேண்டும் என்பதற்காகச் சொல்வது போலத்தான் சொன்னான்.

ரிஷானி தகப்பனின் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். அவள் கூரில் பிறந்து வளர்ந்த பிள்ளை, வாய்காட்டத் தெரியாது என்று பத்மினி எல்லாருக்கும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார்.

அடுத்த புதன் மாலை பத்மினி வழமைபோல இறங்கினார். ரிஷானிக்குப் பிந்திய வேலை, பஸ்ஸில்தான் போகிறாள் என்று காலையிலேயே கேட்டு வைத்திருந்தார். தரிப்பிடம் இருட்டாக இருந்தது. திறப்பைப் போட்டு டிக்கியைத் தூக்கினார். உள்விளக்கு எரிந்தது.

பின் சீற்றில் ஜாக்கெட்டைப் போர்த்தியபடி ரிஷானி இருந்தாள். மடியில் தோடம்பழத் தோல்.

“அமத்திவிடுங்கோ மாமி. குளிருது,” என்றாள்.

பத்மினி டிக்கியைப் பிடித்தபடியே நின்றார்.

“டைனமோ சரி. பற்றறி புதுசு. ஒண்டும் களவாக் குடிக்கேல்ல,” ரிஷானி ஒரு சுளையை வாயில் போட்டாள். “எங்கட வாட்டில நோயில்லாத ஆளுக்கு முறை வைச்சுக் காய்ச்சல் வந்தால், ஆர் பாக்க வந்து போகினம் எண்டுதான் நாங்கள் முதல் பாப்பம். ஒவ்வொரு முறையும் வியாழக்கிழமையெல்லோ படுக்குது.”

“பிள்ளை, நான் சவர்க்காரம் எடுக்க...”

“சவர்க்காரம் உங்கட கையில இருக்கு மாமி.”

இருந்தது.

ரிஷானி கத்தவில்லை, அழவில்லை. கிஷோபனிடம் சொல்லமாட்டேன் என்றாள், தகப்பனிடமும் சொல்லமாட்டேன் என்றாள். பத்மினிக்கு அப்போதுதான் உண்மையில் பயம் பிடித்தது. “அப்பாவுக்கு நீங்களே போன் எடுத்து, புதுக்கார் வேண்டாம் எண்டு சொல்லுவியள். ஆர் கேட்டாலும் இந்தக் கார் தங்கம் எண்டு சொல்லுவியள். சனத்துக்கு முன்னால. நான் பக்கத்தில நிண்டு கேப்பன்.”

பத்மினி போன் எடுத்தார். கார் தங்கம் என்றார். யோகராஜா மறுமுனையில் அழுதுவிட்டார் என்று கேள்வி.

இவ்வளவோடு நின்றிருந்தால் நல்ல மருமகள் என்று நாங்களும் நாலு இடத்தில் சொல்லியிருப்போம். ஆனால் ஒருவரின் கழுத்துக் கயிறு கையில் இருக்கும்போது சும்மா வைத்திருக்கக் கை விடாது.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிறு, விண்டர்தூரில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு. பத்மினி முறைக்குத் தட்டம் தூக்கவேண்டியவர். கூறைப்பட்டு, நெற்றிச்சுட்டியைத் தவிர மிச்சமெல்லாம் போட்டு, சால்வையோடு இறங்கினார். கார் ‘டிக் டிக்’ என்றது.

“பற்றறி இறங்கிப்போச்சு,” என்றாள் ரிஷானி, கண்ணைச் சிமிட்டாமல். “நல்ல கார்தானே மாமி. என்ன நடந்ததெண்டு தெரியேல்ல.”

டிக்கி மூடியிருந்தது. முதல்நாள் பின்னேரம் அது மூடியிருக்கவில்லை என்பது பத்மினிக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய, எப்படித் தெரியும் என்று கிஷோபன் கேட்டால்? அவன் அன்று நண்பர்களோடு பாசல் நகரத்தில்.

மழையும் பனியும் கலந்து கொட்டிய பஸ் தரிப்பில், பட்டின் கரை நனைந்து கறுக்க, தட்டத்தை மார்போடு அணைத்தபடி பத்மினி நின்றார். ஜெயகௌரியின் கார் வந்து நின்றது. உள்ளே இடமில்லை, கண்ணாடி மட்டும் இறங்கியது.

“என்ன அக்கா, பஸ்ஸுக்கோ? மருமகளின்ர கார் எங்க?”

பக்கத்தில் குடையோடு ரிஷானி நின்றாள்.

“நிக்குது,” என்றார் பத்மினி. “தங்கமான கார்.”

“தங்கத்தைப் பெட்டியில பூட்டித்தானே வைக்கிறது,” என்றாள் ஜெயகௌரி. காருக்குள் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பஸ் வருவதற்கு முன்னரே அந்தக் கதை வைபரில் ஷாஃப்ஹவுசனைச் சுற்றி, பின்னேரத்துக்குள் கூர்வரைக்கும் போய்விட்டது.

ரிஷானி இதைத்தான் யோசிக்காமல் விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை, ஒருவரும் கூப்பிடாமலே யோகராஜா வந்து இறங்கினார், கையில் அதே பெட்டியோடு. நேரே கீழே போனார். முழங்காலை மடிக்க இந்த முறை காரின் சில்லைப் பிடிக்கவேண்டியிருந்தது. மாமியும் மருமகளும் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

“பதினாலுக்கு மேலதான் காட்டுது,” என்றார். “எல்லாம் சரியாத்தான் இருக்கு. தங்கச்சி, நீங்கள் நல்ல மனசில வேண்டாம் எண்டிட்டியள். ஆனால் அண்டைக்குப் பஸ்ஸில நிண்டதைக் கேள்விப்பட்ட பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கேல்ல. எங்கடினுக்கு எழுதிக் குடுத்திட்டன். வாற கிழமை போறன். புதுசுக்கும் சொல்லி வைச்சாச்சு.”

“அப்பா, உங்கட முழங்கால்,” என்றாள் ரிஷானி.

“அது கிடக்கட்டும். கழுவுறது நிண்டபடிதானே. இதுக்கு என்ன வருத்தம் எண்டு தெரிஞ்சாலாவது மனம் ஆறும். உனக்கு ஏதும் தெரியுதோ பிள்ளை?”

ரிஷானி மாமியைப் பார்த்தாள். பத்மினியும் அவளைப் பார்த்தார். புதன்கிழமைகள் பத்மினியுடையவை, அந்த ஞாயிறு ரிஷானியுடையது. ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டும். மழையில் மாமியை நிறுத்திவைக்க ஆசைப்பட்டுத்தான் தகப்பனை மறுபடியும் அண்டாவுக்கு முன்னால் கொண்டுபோய் விட்டேன் என்று இந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். அவள் பியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டாள். பத்மினி அதை ஆசையோடு கவனித்தார்.

“தெரியேல்ல அப்பா,” என்றாள் ரிஷானி. “பியூஸை இன்னொருக்காக் கழட்டிப் பாருங்கோ.”

யோகராஜா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலாவது பியூஸைக் கழற்றினார்.

பத்மினி மேலே போனார். அலுமாரியின் மேல்தட்டில் இருந்து, வந்தவர்களுக்கு வைக்கும் பூப்போட்ட பீங்கான் கோப்பையை எடுத்தார். பால் ஊற்றி, சீனி தாராளமாகப் போட்டு, சம்பந்திக்குத் தேத்தண்ணி கலக்கினார். புதுக்காருக்கு எந்த நிறம் நல்லது என்று ஜெயகௌரியிடம்தான் கேட்கவேண்டும்.