பூக்கூடைக்காரியின் கன்னம்

புது லேபிள் கட்டைப் பிரித்ததும் முதலில் கத்தியவள் ராக்காயிதான்.

"ஏ, இங்கன வந்து பாருங்கடி! நம்ம செல்லத்தாய் பூ விக்கக் கெளம்பிட்டா!"

தீப்பெட்டி ஆபீஸின் கொட்டகையில் பசைக் கையோடு எல்லாப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். டஜன் கட்டின் மேல் ஒட்டுகிற பெரிய லேபிள். இடுப்பில் பூக்கூடையோடு ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். வலது கன்னத்தில் மிளகளவு மச்சம். செல்லத்தாய்க்கும் அதே கன்னத்தில், அதே அளவில் உண்டு.

அய்யம்மாளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சிவகாசி அச்சாபீஸில் அச்சடிக்கிற கல்லின் மேல் லேபிள் படம் வரைகிற முத்துக்கருப்பன் அவள் புருஷன். கல்யாணமாகி ஒரு பொங்கல்கூடத் தாண்டவில்லை. செல்லத்தாயோ அடுத்த வீடு. கட்டினவன் கொழும்புக்குப் போய்த் திரும்பாமலே முப்பதைத் தாண்டியவள். "என்னையப் போயி எவன் வரைவான்" என்று அவள் சொன்னாலும், ஒரு லேபிளை மடிக்காமல் இடுப்பில் செருகியதை அய்யம்மாள் பார்த்தாள்.

அன்று முழுக்க அய்யம்மாளின் கை அந்த மச்சத்தையே ஒட்டியது. ஒருமுறை செல்லத்தாய் கொடுத்தனுப்பிய கருவாட்டுக் குழம்பை முத்துக்கருப்பன் மெச்சிச் சாப்பிட்டது நினைவுக்கு வந்தது. அப்போது அது குழம்பைப் பற்றிய பேச்சாகத்தான் இருந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. மறுநாளிலிருந்து செல்லத்தாய் தலை வாரிக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். அய்யம்மாள் வீட்டில் பேச்சை நிறுத்தினாள். சோற்றுத் தட்டு மட்டும் சத்தமாகப் பேசியது.

முத்துக்கருப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வார முடிவில், துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தவளின் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"ஏ புள்ள, என்னான்னு சொல்லிட்டாவது போ."

அவள் லேபிளைத் தரையில் போட்டாள். "இது ஆரு?"

"நீதான்."

"எனக்கு மச்சம் இந்தப் பக்கம்." இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "ஊருக்கே தெரியுது. கட்டுன ஆளுக்குத் தெரியலையாக்கும்?"

அவன் லேபிளை எடுத்துப் பார்த்தான். முகம் வெளுத்தது. "அடக் கடவுளே! கல்லுல வரையுறது எல்லாமே அச்சுல எடவலமா மாறித்தான் விழும். அதுக்காக எழுத்து, கூடை, சேலைத் தலைப்பு அம்புட்டையும் திருப்பித்தான் போட்டேன். உன் மொகத்த மனசுல வச்சு வரைஞ்சேன்ல, அத மட்டும் திருப்ப மறந்துட்டேன்."

"கல்லு மேல பழியப் போடுதீகளாக்கும்."

அவன் எழுந்து, சுவரிலிருந்த கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, பக்கத்தில் லேபிளைப் பிடித்தான். அய்யம்மாள் கண்ணாடியைப் பார்த்தாள், லேபிளைப் பார்த்தாள். மச்சம் இரண்டிலும் ஒரே பக்கம். புருவம், மூக்கு, சிரிக்கும்போது சற்றுக் கோணும் உதடு, எல்லாம் அவளே. தினம் பொட்டு வைக்கும்போது எதிரே நிற்கிறவள்தான் கூடையோடு நின்றாள். ஆத்திரத்தில் மச்சத்தைத் தவிர வேறு எதையும் இத்தனை நாளாய்ப் பார்க்கவில்லை என்பது நினைக்க வெட்கமாயிருந்தது.

"அப்ப ஊரு பாக்கிற மூஞ்சி வேற, நான் பாக்கிற மூஞ்சி வேறயா?" என்று கேட்டவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூட்டை தானாகவே அவிழ்ந்தது.

"நாளைக்கே மொதலாளிகிட்டச் சொல்லி மாத்தி வரையுறேன்" என்றான் அவன்.

அவள் அவிழ்ந்த துணிகளை எடுத்துக் கொடியில் போட்டாள். அடுத்த வீட்டில் செல்லத்தாய் ஏதோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது. இந்தத் தெருவுக்கு வந்ததிலிருந்து அவள் பாடி அய்யம்மாள் கேட்டதில்லை.

"இருக்கட்டும். ஒண்ணும் சொல்லாதீக."

மறுநாள் கொட்டகையில் ராக்காயி, "மச்சம் வேணா அவளோடதா இருக்கட்டும், மூக்கு என் மூக்குதான்" என்று வாதாடிக்கொண்டிருந்தாள். செல்லத்தாய் நகர்ந்து வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"ஏ அய்யம்மா, உன் வீட்டுக்காரரு என்னைய எங்கன பாத்து வரைஞ்சிருப்பாரு?"

அய்யம்மாள் பசையைத் தொட்டுக்கொண்டாள். "தண்ணிக் கொடத்தோட போறப்பப் பாத்திருப்பாரு மதினி. கண்ணுல படுற மூஞ்சிதான?"

செல்லத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். காது வரைக்கும் சிவந்திருந்தது.

வெளியே, ஒட்டி முடித்த கட்டுகள் வெயிலில் வரிசையாகக் காய்ந்தன. நூற்றுக்கணக்கான பூக்காரிகள் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்கப் போன அய்யம்மாள், தாண்டிப் போக மனமில்லாமல், சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு அவர்களைச் சுற்றி நடந்தாள்.