கேமராவைக் கீழே வைத்தவர்

1931 அக்டோபரில் ஒரு காலை எங்கள் தெருமுனை வங்கி திறக்கவில்லை. சிகாகோவில் அந்த வருஷம் அது புதிதல்ல என்றாலும், வாசலில் பணம் போட்டவர்கள் கூட்டம் கூடிவிட்டது. படமெடுக்கப் பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். என் கணவர் யாரோமிர் கசாப்புத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போயிருந்தார். நானும் நான்கு வயது லிபுஷாவும் இரண்டாம் மாடியிலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம்.

கீழே இருந்த சலவைக்கடையில் தீப்பிடித்ததை முதலில் மூக்குதான் சொன்னது. கதவைத் திறந்தேன், மாடிப்படி முழுக்கப் புகை. ஜன்னலுக்கே ஓடி வந்து செக் மொழியில் கத்தினேன்.

பெரிய பெட்டிக் கேமராவோடு நின்ற ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். கேமராவை நடுத்தெருவில் வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"குழந்தைய விடும்மா. நான் பிடிச்சுக்கறேன்."

எனக்கு அப்போது இங்கிலீஷ் அவ்வளவாக வராது. நீட்டியிருந்த கைகள் புரிந்தன. லிபுஷாவின் நெற்றியில் முத்தமிட்டு, கையை விட்டேன்.

பிடித்துவிட்டார். பிடித்த வேகத்தில் மல்லாந்து விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. குழந்தைக்குக் கீறல்கூட இல்லை. பிறகு வந்த தீயணைப்பு வண்டியின் ஏணியில் நானும் இறங்கினேன். அவருடைய கேமரா கூட்டத்தின் காலடியில் நொறுங்கிக் கிடந்தது.

மறுநாள் கசகசா வைத்த கொலாச் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர் பெயர் ஹார்லன் க்விஸ்ட். கட்டிலருகே அவருடைய பத்திரிகையின் ஆசிரியர் மல்வானி, போட்டிப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். அதன் முதல் பக்கத்தில் என் மகள் அந்தரத்தில் இருந்தாள். கீழே க்விஸ்டின் கைகள்.

"நம்ம ஆளு, நம்ம கேமரா. படம் மட்டும் அவனுங்களுக்கா?"

"ரெண்டு கைதானே சார் இருக்கு எனக்கு," என்றார் க்விஸ்ட்.

மல்வானி எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "இதோ வந்துட்டாங்களே. குழந்தைய உன் பக்கத்துல உட்கார வெச்சு ஒண்ணு எடுத்துடலாம்."

லிபுஷா என் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நேற்றிலிருந்து அவள் பேசவே இல்லை.

"வேண்டாம் சார். பயந்து போயிருக்கா. விட்டுடுங்க," என்றார் க்விஸ்ட்.

மல்வானி எதையோ முணுமுணுத்தார். பிறகு ஒரு கொலாச்சை எடுத்துக் கடித்தார். இன்னொன்றையும் எடுத்தார். படத்தைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

யாரோமிர் வழியெல்லாம் நன்றி சொல்லும் வாக்கியத்தை இங்கிலீஷில் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். கட்டிலருகே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. க்விஸ்டின் நல்ல கையைப் பற்றிக்கொண்டு அப்படியே நின்றார்.

"உட்காருங்க அண்ணே," என்றார் க்விஸ்ட்.

அடுத்த வசந்தத்தில் எங்களுக்கு மகன் பிறந்தான். ஹார்லன் என்று பெயர் வைக்கப்போகிறோம் என்றதும், அது செக் பெயரே இல்லையே என்று செக் மக்கள் வாழும் எங்கள் தெருவே சிரித்தது. பாதிரியார் தயங்கினார்.

"அப்படி ஒரு புனிதர் இல்லையேப்பா."

"இருக்கார் ஃபாதர்," என்றார் யாரோமிர். "பத்திரிகை ஆபீஸ்ல வேலை பார்க்கறார்."

பாதிரியார் சிரித்துவிட்டு, நடுவில் புனிதர் பெயராக ஒரு யோசேப்பைச் சேர்த்து ஞானஸ்நானம் கொடுத்தார்.