ரெண்டு அரை

நாலு புள்ளி எட்டு என்று பல் டாக்டர் படித்ததும் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. பாதி ஆயுளைக் கால்பந்து மைதானத்தில் கழித்தவன். எண் என்றால் கூடக் கூட நல்லது என்றுதான் அவனுக்குத் தெரியும். வீங்கிய கன்னத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, பாஸாகிவிட்டவனைப்போல் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். டாக்டரோ தாளை மேசைமேல் வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். கையுறை கழன்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. இன்றைக்குப் பல் பிடுங்கப்போவதில்லை.

அண்ணனுக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் இதயத்தில் உலோக வால்வு வைத்தார்கள். அதன்மேல் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க, ரத்தத்தை இளக்கி வைக்கிற மாத்திரை ஒன்றை ஆயுசுக்கும் போட வேண்டும். ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்பதைப் பரிசோதனையில் ஓர் எண்ணாகச் சொல்வார்கள். சாதாரண ஆளுக்கு அது ஒன்று. அண்ணனுக்கு மூன்றை ஒட்டி இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டி, மூளைக்குப் போய் அடைக்கும். கூடினால் சின்னக் கீறல்கூட நிற்காமல் கசியும். நாலு புள்ளி எட்டில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால் ரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடு.

அண்ணன் பகலில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவன். ஆனால் ஊரில் அவனுக்குப் பெயர் மைக். பதினைந்து வருஷமாக எங்கள் மைதானத்தில் ஆட்ட வர்ணனை அவன்தான். மூச்சு விடாமல் பேசுவான், இரண்டு அணியையும் வாருவான், நடுவரைக்கூட விடமாட்டான். சனிக்கிழமை நாலு மணிக்கு இறுதி ஆட்டம். எங்கள் பகுதி அணி பதினோரு வருஷத்துக்குப் பிறகு இறுதிக்கு வந்திருக்கிறது. அதில் மைக்கைப் பிடிக்க வேண்டும் என்பதைத் தவிர அவன் மண்டையில் வேறொன்றும் இல்லை. இந்த நேரம் பார்த்துத்தான் பல்லுக்கு வீங்கத் தோன்றியது. செவ்வாய்க்கிழமை பிடுங்கிவிட்டால் சனிக்கிழமைக்குள் வாய் தேறிவிடும் என்பது எங்கள் கணக்கு. மாத்திரையை அஞ்சு நாள் நிறுத்திவிட்டுப் பிடுங்கிக்கொள் என்று கால்பந்துச் சங்கச் செயலாளர் அவனுக்கு ஓதியிருந்தார். டாக்டர் அதைக் கேட்டதும் முதல் நாளே, மாத்திரையை நிறுத்தவே கூடாது, எண் சரியாக இருந்தால் மாத்திரை போட்டபடியே பிடுங்கலாம் என்று அடித்துச் சொல்லிவிட்டார். அந்த எண்தான் இப்போது காலை வாரிவிட்டது.

“மாத்திரைய எப்படிப் போடறீங்க? எனக்குச் செஞ்சு காட்டுங்க” என்றார் டாக்டர்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தான். அஞ்சு எம்ஜி மாத்திரை ஒன்றைப் பிதுக்கி, கட்டைவிரல் நகத்தால் கோட்டில் அழுத்தி, பிசிறில்லாமல் சரிபாதியாக உடைத்தான். கம்பி சுற்றுகிற கை அல்லவா. இரண்டு பாதியையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

“ரெண்டையுமா?”

“ஆமா, ஒண்ணா. ஆஸ்பத்திரியில போன வாரம் ஃபோன் பண்ணி, மூணு எம்ஜி வேண்டாம், இனிமே அஞ்சு எம்ஜிய உடைச்சு ரெண்டு அரை போடுங்கன்னாங்க.”

டாக்டர் ஒரு பாதியை மட்டும் விரலால் ஒதுக்கினார். “ரெண்டு அரையா, ரெண்டரையா?”

“அதத்தான் சொல்றேன். ரெண்டு அரை.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு பாதி, அதாவது இரண்டரை எம்ஜி போடச் சொல்லியிருக்கிறார்கள். இவன் ஆறு நாளாக, ஒரு நாள் தவறாமல், மாத்திரையைப் பக்குவமாக உடைத்து இரண்டு துண்டையும் விழுங்கியிருக்கிறான். கடையில் மோட்டார் இரைச்சலுக்கு நடுவே காதில் பாதி விழுந்திருக்கும். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தது.

“ரெண்டு அரை சேர்ந்தா ஒரு முழுசு அண்ணா. அப்புறம் எதுக்கு உடைச்சே?”

“உடைக்கச் சொன்னாங்க, உடைச்சேன்” என்றான், ரோஷமாக.

ஒரு மோட்டாருக்கு எத்தனை சுற்று என்று தூக்கத்தில்கூடச் சொல்கிறவன். டாக்டர் அங்கேயே இதய ஆஸ்பத்திரிக்குப் பேசினார். எனக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டார். இன்று மட்டும் மாத்திரை வேண்டாம், நாளையிலிருந்து ஒரே ஒரு பாதி, வெள்ளிக்கிழமை மறுபடி ரத்தப் பரிசோதனை, எண் இறங்கியிருந்தால் சனிக்கிழமை காலை பிடுங்கலாம். ஆட்டத்துக்கு அப்புறம் திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாமே என்று அண்ணன் கெஞ்சினான். டாக்டர் மசியவில்லை. பல்லில் இருக்கிற சீழ் ரத்தத்தில் கலந்தால் வால்வைத்தான் போய்ப் பிடிக்கும், ஒரு நாள்கூடக் கூடுதலாகத் தள்ளமுடியாது என்றார். அந்த நான்கு நாளைக்குச் சாப்பிடக் கிருமிக்கான மருந்தையும் எழுதிக் கொடுத்தார்.

அந்த நாலு நாளும் நான் தையல் மெஷினில் உட்கார்ந்ததைவிட அண்ணன் பின்னாலேயே திரிந்ததுதான் அதிகம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இறுதி ஆட்டத்துக்கான சட்டைகளுக்கு எண் தைத்துக் கொடுக்க வேண்டிய பொறுப்பு என்னுடையது. ஊசி ஓடும்போதே பக்கத்து அறையில் அவன் இருமினால் எழுந்து ஓடினேன். முழங்கையில் நீலம் பாய்ந்திருக்கிறதா, பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா என்று பார்த்துப் பார்த்து என் பிராணன் போயிற்று. எண் ஏறினாலும் பயம், இறங்கினாலும் பயம். ஏழாம் எண்ணைத் தலைகீழாகத் தைத்துவிட்டுப் பிரித்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் செயலாளர் வந்து போனார். அவர் போனபிறகு சமையலறை அலமாரியில் மாத்திரைப் பாதி வைத்த இடத்திலேயே இருந்தது. மணி எட்டாகிவிட்டது. அண்ணன் வானொலியைத் திருகிக்கொண்டு என் கண்ணைப் பார்க்காமல் இருந்தான். முழுசாக நிறுத்தினால் எண் சீக்கிரம் இறங்கும், வியாழக்கிழமையே பிடுங்கிவிடலாம், சனிக்கிழமை மைக்கும் கைவிட்டுப் போகாது. யோசனை யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்குக் கோபம் மண்டியது. பாதியையும் தண்ணீரையும் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன்.

“எண்ணு இறங்கலேன்னா பல்லுதான் போகாது. ரொம்ப இறங்கிட்டா நீ போயிடுவே. எது வேணும்னு சொல்லு.”

அவன் வானொலியை அணைத்தான். மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீரைக் குடித்து, சின்னப் பையனைப்போல் நாக்கை நீட்டிக் காட்டினான்.

வெள்ளிக்கிழமை முடிவைச் சொல்ல ஆய்வகத்திலிருந்து எனக்குத்தான் பேசினார்கள். மூணு புள்ளி ஒண்ணு. தெருவிலேயே நின்று கத்தினேன். எதிரில் சைக்கிளில் வந்த ஒருவர் யார் ஜெயித்தது என்று கேட்டார். அண்ணன் கடைக்கு ஓடிப்போய் விரல்களால் மூன்றையும் பிறகு ஒன்றையும் காட்டினேன். மோட்டாரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து என் தலையில் கை வைத்து ஆட்டினான். ஒரு எண் இத்தனை சந்தோஷம் தரும் என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

சனிக்கிழமை காலை, ஒரு மணி நேரம் முன்னதாகவே கிருமிக்கான காப்ஸ்யூல் நான்கை விழுங்க வைத்தார்கள். பத்து மணிக்கு நாற்காலியில் சாய்ந்தான். டாக்டர் அவசரப்படவில்லை. பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, பத்தே கால் மணிக்கு எடுத்துத் தட்டில் போட்டார். குழிக்குள் தானாகவே கரைந்துவிடுகிற பஞ்சுத் துண்டை வைத்தார். இரண்டு தையல் போட்டார். தைக்கிறவள் என்பதால் எட்டிப் பார்த்தேன், முடிச்சு கச்சிதம். அதன்மேல் மருந்தில் நனைத்த துணி மடிப்பை வைத்துக் கடிக்கச் சொன்னார். அரைமணி நேரம் சுவர்க் கடிகாரத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். துணியை எடுத்தார். லேசான சிவப்பு, அவ்வளவுதான். குழியில் கசிவு நின்றிருந்தது. டாக்டரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். புதுத் துணி ஒன்றை வைத்து, மேலும் ஒரு மணி நேரம் எங்களை அங்கேயே உட்கார்த்தி வைத்தார். துப்பக்கூடாது, கொப்பளிக்கக்கூடாது, சூடாக எதுவும் கூடாது, சாயங்கால மாத்திரையை வழக்கம்போலப் போட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, கடைசியாகச் சொன்னார்: “இன்னைக்குப் பேச்சு கிடையாது. கத்தறது கிடையவே கிடையாது.”

அண்ணன் கண்ணில் தண்ணீர் தளும்பியது. மரத்துப்போன தாடையில் வலி இருக்க வழியில்லை. வீட்டுக்கு வந்ததும் கம்பிச் சுருள் வந்த அட்டை ஒன்றைக் கிழித்து, பேனாவால் பெரிதாக ஒரே ஓர் எழுத்து எழுதி என்னிடம் நீட்டினான். ‘நீ’.

முடியாது என்றேன். ஆட்டத்தின் விதி எனக்குப் பாதிதான் தெரியும், கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால்கூட நாக்கு ஒட்டிக்கொள்கிறவள் நான் என்றேன். நீட்டிய அட்டையை அவன் இறக்கவில்லை. நாலு மணிக்கு மைதானத்து மேடையில் மைக் என் கையில் இருந்தது. பக்கத்து நாற்காலியில் அண்ணன், வாயைப் பூட்டிக்கொண்டு. கீழே ஊரே உட்கார்ந்திருந்தது.

“எல்லாருக்கும் வணக்கம். மைக்கோட தங்கச்சி பேசறேன். அவருக்குப் பல்லு பிடுங்கியிருக்கு” என்றேன். மைதானம் முழுக்கச் சிரிப்பு அலை எழுந்தது. என் குரல் ஒலிபெருக்கியில் யாரோ ஒருத்தியுடையதுபோலக் கேட்டது. பந்து உருண்டதும் எனக்கு ஒரு உபாயம் கிடைத்தது. தூரத்தில் முகம் தெரியாவிட்டாலும், எங்கள் அணிச் சட்டைகளில் எண் எல்லாம் நான் தைத்தது. பத்தாம் நம்பருக்குத் தோள் அகலம், போன வருஷம் இரண்டு தடவை கிழித்துக்கொண்டு வந்தவர், இன்றைக்காவது பத்திரமாக ஓடட்டும் என்றேன். மூணாம் நம்பர் சட்டையை இடுப்பில் இறுக்கித் தைக்கச் சொன்னார், சாப்பாட்டைக் குறைக்கவில்லை என்றேன். ஜனங்கள் கைதட்டத் தொடங்கினார்கள். எனக்குத் தெரியாததை அண்ணன் கையால் சொன்னான். முழங்காலில் தட்டினால் தவறான ஆட்டம், தொடையில் கிள்ளினால் நடுவரைத் தட்டிக் கேள் என்று அர்த்தம். அரைமணியில் என் தொடை கன்றிவிட்டது. இடைவேளையில் வாயைத் திறக்கச் சொல்லிக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். தையல் இருந்தது, ரத்தம் இல்லை. என் நெஞ்சு நிறைந்துவிட்டது.

இரண்டாம் பாதியில் அவர்கள் ஒன்று போட்டார்கள், நாங்கள் ஒன்று போட்டோம். நான் எழுந்து நின்றுவிட்டேன், எப்போது எழுந்தேன் என்று தெரியாது. தொண்டை கட்டிவிட்டது. கடைசி மூன்று நிமிஷம் இருக்கும்போது பந்து வலப்பக்கமாக வந்தது. ஒருவரைத் தாண்டியது, இன்னொருவரைத் தாண்டியது. கோலுக்கு முன்னால் எங்கள் ஏழாம் நம்பர் தனியாக நின்றிருந்தார். எண் நேராகவே தைக்கப்பட்டிருந்த முதுகு ஒரு கணம் என் பக்கம் திரும்பியது. காலைத் தூக்கினார். வலை உப்பியது.

ஆட்டக்காரர் பெயர், அணியின் பெயர், கோல் என்கிற ஒற்றைச் சொல், எதுவும் எனக்கு வரவில்லை. மைக்கில், மைதானம் அதிர, “அண்ணா!” என்று மட்டும் அலறினேன்.

ஊரே எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் நாற்காலிமேல் ஏறி நின்று, இரண்டு கையாலும் தன் வாயைத் தானே இறுகப் பொத்திக்கொண்டு, கண்ணீர் விரலிடுக்கில் வழிய, துள்ளிக்கொண்டிருந்தான்.