வார்த்தை இல்லாமல் வந்த மாமா

அக்காவை எந்த நிமிஷமும் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய்விடுவார்கள். இரண்டாவது பிரசவம், குழந்தை குறுக்கே கிடக்கிறதாம். உள்ளே போகும்முன் மூத்தவளை ஒரு தடவை பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அத்தான் லாரியோடு நெடுஞ்சாலையில் எங்கோ வந்துகொண்டிருந்தார். ஆகவே பள்ளிக்கூடத்துக்குப் பறந்தவன் நான்தான். கடையில் ரிப்பேருக்குப் பிரித்த வாஷிங் மெஷினைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கிரீஸ் கையோடு வண்டியை எடுத்தேன். 

கேட்டில் காவலாளி என் அடையாள அட்டையைப் பார்த்தார். வகுப்பு டீச்சர் தன்னிடமிருந்த போட்டோவையும் என் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்னொரு விதி இருந்தது. வீட்டில் பேசி வைத்த ரகசிய வார்த்தையை அழைக்க வந்தவர் சொல்ல வேண்டும். பிள்ளை சரி என்றால்தான் வெளியே விடுவார்கள். வலியில் அக்கா அதைச் சொல்ல மறந்துவிட்டாள். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

"வார்த்தை சொல்லு மாமா," என்றாள் மருமகள். நான் தோளில் தூக்கி வளர்த்த குட்டி, டீச்சர் கையை விடாமல் நின்று என்னைக் கேட்கிறாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் காத்திருக்கிறாள், தம்பியோ தங்கையோ வரப்போகிறது என்று கெஞ்சினேன். அசையவில்லை. ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொன்னேன். சும்மா இருந்திருக்கலாம். ஐஸ்கிரீம் தருகிறேன் என்பவரோடு போகவே கூடாதாம், அம்மா சொல்லியிருக்கிறாளாம். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. விளையாடாதே, வா என்று ஒரு அதட்டு அதட்டினேன். அவள் உதடு பிதுங்கியது, கண் நிறைந்தது. பிடித்த கையை மட்டும் விடவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன். நர்ஸ் எடுத்து, ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது, சீக்கிரம் என்று சொல்லிக்கொண்டே அவள் காதில் வைத்தார். அக்கா மூச்சு வாங்க வாங்க வார்த்தையைச் சொன்னாள். கேட்டதும் எனக்குப் போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

குனிந்து மெதுவாகச் சொன்னேன். கேட்கவில்லை என்றாள் மகராசி. வேறு வழியில்லாமல் தெரு அதிரக் கத்தினேன்:

"மாமாவுக்குப் பல்லின்னா பயம்!"

காவலாளி சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். டீச்சர் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டார். குட்டி பாய்ந்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எல்லாருக்கும் கேட்டுடுச்சு மாமா, வேற வைக்கணும்," என்றாள்.

எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. வார்டு வாசலைத் தாண்டி ஸ்ட்ரெச்சர் உருண்டுகொண்டிருந்தது. குட்டியைத் தூக்கி அக்காவின் பக்கத்தில் பிடித்தேன். நர்ஸ் ஒரு நிமிஷம் நின்றார். அக்கா மகள் கன்னத்தைத் தடவினாள். வார்த்தை சொல்லாமல் என்னோடு வரவே மாட்டேன் என்று நின்றாள் என நான் ஆற்றாமையில் புகார் சொல்லத் தொடங்கினேன்.

"அதட்டினியாடா?" என்று கேட்டாள்.

"அதட்டினேன். அழுகை வந்துடுச்சு அவளுக்கு."

"அப்பவும் வரலையா?"

"வரலைக்கா."

காலையிலிருந்து வெளிறிக் கிடந்த முகம் மலர்ந்தது. "போதும்டா," என்றாள். "இனி நான் பயப்படாம உள்ள போவேன்."